இது நடந்த கதைதானா?

சினிமா வியாபாரத்தில் அவருக்குப் பெயர் ‘ரெப்’. வீட்டில் வைத்த பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேரள–தமிழக எல்லையிலுள்ள பாறசாலைக்காரர். முதல் வாக்கியத்தைத் தமிழில் தொடங்குவார், இரண்டாவது மலையாளத்துக்குப் போய்விடும், மூன்றாவது எந்த மொழி என்று அவருக்கே தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்து விநியோகஸ்தர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கொரோனாவுக்குச் சற்று முன்புவரை நெய்யாற்றின்கரை, பாறசாலை, வெள்ளறடை வட்டாரத்துக் கொட்டகைகள்தான் அவருடைய உலகம்.

ரெப், அதாவது விநியோகஸ்தரின் பிரதிநிதி, என்றால் படப்பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் என்றுதான் வெளியில் நினைப்பார்கள். அந்தக் காலத்தில் பெட்டி பேருந்திலேயே வந்துவிடும். ரெப்பின் வேலை பெட்டி வந்த பிறகு தொடங்கும். ஒவ்வொரு காட்சிக்கும் டிக்கெட் புத்தகத்தின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் குறிக்க வேண்டும். கேரளத்தில் கேளிக்கை வரி பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் சேரும் பணம். அதனால் டிக்கெட்டில் அவர்கள் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கு அணைந்ததும் உள்ளே போய்த் தலை எண்ண வேண்டும். டி.சி.ஆர். என்ற அன்றாட வசூல் தாளில் கையெழுத்துப் போட்டு, முதலாளியான விநியோகஸ்தரின் பங்கை வாங்கி அனுப்ப வேண்டும். கொட்டகைக்காரர் கண்ணுக்கு ரெப் ஓர் ஒற்றன். விநியோகஸ்தருக்கோ, இவன் கொட்டகைக்காரரிடம் காசு வாங்கிவிட்டானோ என்று எப்போதும் ஒரு சந்தேகம்.

கணக்கெல்லாம் முடிந்த பிறகு முதலாளி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்பார். ஆளுகள் என்ன சொல்லுது? அந்தக் கேள்விக்குப் பதில் டி.சி.ஆரில் கிடையாது. வாசலில் நின்றால்தான் கிடைக்கும்.

வாசலில் நிற்பது ஒரு தனி வித்தை என்கிறார் ரெப். படம் முடிந்து கதவு திறந்த முதல் ஐந்து நிமிடம் முக்கியம். முன்வரிசைப் பையன்கள் முதலில் வருவார்கள். அவர்கள் சண்டையைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் பேசுவார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் பூட்டைத் திறந்தபடி இரண்டு பேர் பேசுவதைக் கேட்க வேண்டும். பெண்கள் பக்கத்துக் கதவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறார்களா, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு எதிரே உள்ள சாயாக்கடை. அங்கே ஒரு கட்டன் சாயாவுக்குள் படம் இரண்டு வாரம் ஓடுமா, வெள்ளிக்கிழமையே பெட்டியைக் கட்ட வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

சாதாரணப் படத்துக்கு இது போதும். உண்மைக் கதை என்று போஸ்டரில் போட்ட படத்துக்கு இது போதாது. அந்தப் படங்களுக்கு வாசலில் வேறு பேச்சு. நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது பின்னால்தான் வரும். முதலில் வருவது, ‘இது நடந்ததுதானா?’ அதற்கடுத்து, ‘இப்படியா நடந்தது?’

இந்த இரண்டாவது கேள்விதான் தன் தொழிலையே தனக்குக் கற்றுக்கொடுத்தது என்கிறார் அவர்.

எல்லை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கு தாலுகாக்களும் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அக்கா இஞ்சிவிளையில், தங்கை களியக்காவிளையில் என்று இருந்த குடும்பங்கள் இரண்டு மாநிலமாகின. சினிமா வியாபாரம் அந்தக் கோட்டை அரசாங்கத்தைவிடக் கறாராகப் பின்பற்றியது. களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும் ஓடும் தமிழ்ப் படம் திருநெல்வேலி–கன்னியாகுமரி ஏரியா, அதாவது டி.கே. அதே படம் பாறசாலையில் ஓடினால் கேரள உரிமை. முதலாளி வேறு, பெட்டி வேறு, போஸ்டர் வேறு. ஆனால் பார்க்கிறவர்கள் அதே ஆட்கள். இந்தப் பக்கம் டிக்கெட் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். ஒரே படத்துக்கு ஒரே வாரத்தில், நடந்துபோகிற தூரத்தில், இரண்டு தீர்ப்பு கேட்கிற வாய்ப்பு வேறு எந்த ரெப்புக்கும் இவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தொழிலையே உலுக்கிய சம்பவம் ஒன்று நடந்தது. 1984 ஜனவரி 21ஆம் தேதி இரவு, ஆலப்புழை மாவட்டம் கருவாற்றாவில் சாக்கோ என்ற இளைஞர் வீட்டுக்குப் போக வண்டி தேடித் தேசிய நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்தார். சாக்கோவும் ஒரு ஃபிலிம் ரெப்தான். கொட்டகை வேலையை முடித்துவிட்டு வந்தவர். வளைகுடாவில் வேலை பார்த்த சுகுமாரக் குறுப்பு, தான் இறந்துவிட்டதாகக் காட்டி இன்சூரன்ஸ் பணம் வாங்கத் திட்டமிட்டு, தன் உடல்வாகுள்ள ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய கூட்டாளிகள் சாக்கோவுக்கு ‘லிஃப்ட்’ கொடுத்தார்கள். மாவேலிக்கரைக்குப் பக்கத்தில் எரிந்த அம்பாசடர் காருக்குள் கிடந்த உடல் அவருடையது. குறுப்பு இன்றுவரை பிடிபடவில்லை.

இரவுக் காட்சி முடிந்து, கணக்குப் பார்த்து, கடைசிப் பேருந்தும் போன பிறகு நெடுஞ்சாலையில் கைகாட்டி நிற்பது அன்று கேரளத்தில் எல்லா ரெப்புக்கும் வாடிக்கை. லாரி நின்றால் லாரி, கார் நின்றால் அதிர்ஷ்டம். அந்த ஜனவரிக்குப் பிறகு தெற்கே உள்ள ரெப்புகள் பலர் காரில் ஏறுவதை நிறுத்தினார்கள். நம் ரெப் ஆபரேட்டர் அறையிலேயே, கார்பன் புகை மணக்கும் பாயில், படுக்கத் தொடங்கினார். அவருடைய அம்மா வேலையை விடச் சொன்னார். விடவில்லை.

அதே 1984லேயே அந்தக் கொலையை வைத்து ஒரு படம் வந்துவிட்டது. பேபி இயக்கிய ‘என்.எச். 47’. குறுப்பின் சாயலில் உருவான வேடத்தில் டி.ஜி. ரவி. படத்தின் பெயரிலிருக்கும் அந்தச் சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளை வழியாகக் கன்னியாகுமரிவரை போகிற சாலைதான். இப்போது அதற்கு எண் 66. கொட்டகையிலிருந்து வெளியே வருகிறவர் கால்வைப்பதே அந்தச் சாலையில் என்றால் அந்தப் படத்துக்கு வேறு விளம்பரம் எதற்கு?

அந்தப் படத்தின் வாசல் பேச்சு விசித்திரமானது. படம் எப்படி என்று யாரும் பேசவில்லை. குறுப்பு எங்கே என்று பேசினார்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டான் என்று ஒருவர். களியக்காவிளைச் சந்தையில் மீசை எடுத்த ஆளைப் பார்த்தேன் என்று இன்னொருவர் சத்தியம் செய்தார். தான் பார்த்த ஆளைப் போலவே டி.ஜி. ரவி இருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டார். உண்மைக் கதையைப் பார்க்கிறவன் பார்வையாளனாக மட்டும் இருப்பதில்லை, சாட்சியாகிவிடுகிறான் என்று ரெப்புக்கு முதன்முதலாகப் பட்டது அன்றுதான்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நகரத்தில் ஓடி முடித்து ‘சி’ கிளாஸ் கொட்டகைக்கு வரும் பிரின்ட் கிழிந்து ஒட்டி, ஒட்டிக் கிழிந்து வந்திருக்கும். ஒவ்வொரு ஒட்டிலும் சில ஃபிரேம்கள் போகும். சில இடங்களில் ஒரு காட்சியே துள்ளிப் போகும். மற்றப் படங்களில் அப்படித் துள்ளினால் விசில் அடிப்பார்கள், ஆபரேட்டரின் குடும்பத்தை விசாரிப்பார்கள். இந்தப் படத்தில் துள்ளியபோது கொட்டகை கம்மென்று இருந்தது. வெளியே வந்து ரெப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த இடத்தில் என்ன இருந்தது, போலீஸ் வெட்டியதா, பெரிய இடத்து ஆள் யாரையாவது காட்டியிருந்தார்களா? ஃபிலிம் சிமென்ட்டின் கோளாறு என்று ரெப் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. உண்மைக் கதையில் காட்டாமல் விட்டது எதுவோ அதுவே உண்மை என்று ஜனங்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

முப்பத்தேழு ஆண்டு கழித்து, 2021 நவம்பரில், துல்கர் சல்மான் நடித்த ‘குருப்’ வந்தது. கொரோனா அடைப்புக்குப் பிறகு கேரளக் கொட்டகைகள் திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கூட்டம் நெருக்கியது. சாக்கோவின் சாயலில் சார்லி என்ற பெயரில் டொவினோ தாமஸ் வந்தார். முன்னோட்டம் வெளியானபோதே சாக்கோவின் குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தது, கொலைகாரனைக் கொண்டாடுகிறார்களோ என்ற பயத்தில். பிறகு படத்தைப் பார்த்துவிட்டு அவருடைய மகன் அப்படியல்ல என்று சொன்னார். ரெப் அப்போது வேலையில் இல்லை, டிக்கெட் வாங்கிப் பார்த்தார். கல்லூரிப் பையன்கள் துல்கரின் உடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். செத்துப்போனவரைப் பற்றி வாசலில் ஒரு பேச்சும் இல்லை. 1984இல் சாக்கோவுக்காக ‘பாவம்’ சொல்லாத ஆளில்லை என்கிறார் ரெப். தொலைவு கூடக்கூடக் கொலைகாரனுக்கு அழகு கூடுகிறது என்பது அவருடைய புகார். படத்தின் மேல் அவருக்குப் புகார் இல்லை.

அவர் அதிகம் பேசுவது ‘செல்லுலாய்ட்’ பற்றி. 2013 பிப்ரவரி, கமல் இயக்கம் (மலையாள இயக்குநர் கமல், நம்மவர் அல்ல), பிருத்விராஜ் நாயகன். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே.சி. டேனியலின் கதை. டேனியல் பிறந்தது அகஸ்தீஸ்வரத்தில். அன்று அது திருவிதாங்கூர், இன்று தமிழ்நாடு. சொத்தை விற்றுப் படம் எடுத்து, திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரையிட்டு, எல்லாவற்றையும் இழந்து, பிறகு பல் மருத்துவராகத் தமிழ்நாட்டில் வாழ்ந்து 1975இல் காலமானார். முதல் திரையிடல் 1928லா 1930லா என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். படச்சுருள் ஓர் அடிகூட மிஞ்சவில்லை. முதுமையில் அவருக்குக் கேரளத்தில் ஓய்வூதியம் கேட்டபோது, தமிழ்நாட்டுக்காரர் என்று மறுத்துவிட்டார்கள். அவர் பெயரில் கேரள அரசு விருது வைத்தது 1992இல்.

இந்த ஓய்வூதியக் கதை கொச்சியில் உட்கார்ந்து படம் பார்த்தவருக்குச் சோகம். பாறசாலையில் பார்த்தவருக்கு அது தாலுகா ஆபீஸ் அனுபவம். நிலம் ஒரு மாநிலத்தில், ரேஷன் கார்டு இன்னொரு மாநிலத்தில், பள்ளிச் சான்றிதழில் மூன்றாவதாக ஓர் ஊர்ப் பெயர் என்று அலைந்தவர்கள் நிறைந்த கொட்டகை அது. அந்தக் காட்சியில் சிரிப்பு எழுந்ததாக ரெப் சொல்கிறார். முதலில் அவருக்கே புரியவில்லையாம். பரிகாசச் சிரிப்பல்ல அது, ‘ஆளு நம்ம ஆளுதான்’ என்ற அடையாளச் சிரிப்பு.

சாதிப் பேச்சும் வந்தது. டேனியல் நாடார் கிறிஸ்தவர். அங்கீகாரம் மறுக்கப்பட்டதற்கு அதிகாரி ஒருவரின் சாதிப் பார்வை காரணம் என்று படம் கோடிகாட்டியது. எழுத்தாளரும் ஐ.ஏ.எஸ். அதிகாரியுமான மலையாற்றூர் ராமகிருஷ்ணனையும் முன்னாள் முதல்வர் கருணாகரனையும் குறிக்கிறது என்று கேரளம் முழுக்கச் சர்ச்சை கிளம்பியது. பத்திரிகைகளில் நடந்த அந்தச் சண்டைக்குப் பாறசாலை வாசலில் அவ்வளவு மதிப்பில்லை. அங்கே பேசப்பட்டவர் பி.கே. ரோசி.

ரோசி ‘விகதகுமாரன்’ நாயகி. தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் திரையில் கல் விழுந்தது, அவருடைய குடிசை எரிந்தது. இரவோடு இரவாக ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பிப் போனார், அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. 2023 பிப்ரவரி 10ஆம் தேதி கூகுள் தன் முகப்பில் ரோசியின் படத்தைப் போட்டபோது உலகத்துக்குத் தெரிந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு லாரி போக வேண்டுமென்றால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை. வேறு வழி? படம் விட்டு வெளியே வந்த கிழவி ஒருத்தி ரோட்டைக் காட்டி, ‘இந்த வழிதான போயிருப்பா?’ என்று பேத்தியிடம் கேட்டதை ரெப் பக்கத்தில் நின்று கேட்டார். அன்றைக்கு முதலாளியிடம் படம் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். படம் பாறசாலையில் நல்லபடியாக ஓடியது. ‘ஜே.சி. டேனியல்’ என்ற பெயரில் தமிழிலும் மொழிமாற்றி வெளியிட்டார்கள். மலையாளத்திலேயே பார்த்துவிட்ட எல்லை ஊர்களில் அதற்குத் தேவை இருக்கவில்லை.

பக்கத்து ஊர்க் கதை என்றால் எல்லாப் படத்துக்கும் இந்த வரவேற்பு இருந்துவிடாது. நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம் இருக்கிறது. 1888இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த இடம். ‘யுகபுருஷன்’ 2010இல் வந்தபோது குருவாக நடித்தவர் நம் தலைவாசல் விஜய். எல்லைக்குத் தமிழகப் பக்கம் அதில் ஒரு பெருமை. கேரளப் பக்கத்து முதியவர்களுக்கோ படத்தில் ஆறு சரியாக இருக்கிறதா, பாறை சரியாக இருக்கிறதா என்பதே கவலை. 2022இல் வினயன் எடுத்த ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு’ வந்தது. பெண்கள் மார்பு மறைக்கும் உரிமைக்கான போராட்டத்தை ஆலப்புழை வட்டாரத்து வீரர் ஆறாட்டுப்புழை வேலாயுதப் பணிக்கரை மையமாக வைத்துக் காட்டியது. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் வெளியிடும்வரை இந்த உரிமைக்கான தோள்சீலைக் கலவரம் பற்றி எரிந்தது தென் திருவிதாங்கூரில், இதே தாலுகாக்களில். ‘எங்க ஆச்சிமாருக்க கதையை எடுத்து வேற ஊருல வச்சிருக்கான்’ என்று ஒருவர் சாயாக்கடையில் பொருமியதற்கு ரெப்பிடம் மறுமொழி இல்லை. பணிக்கர் தன் ஊரில் செய்தது தனிக்கதை, அதுவும் மதிக்க வேண்டியதுதான். ஆனால் பொருமியவர் பக்கமும் நியாயம் உண்டு.

இதற்கிடையில் தொழிலே மாறிவிட்டது. டிஜிட்டல் புரொஜக்டர் வந்து பெட்டி போனது. கணினி டிக்கெட் வந்து புத்தகமும் முத்திரையும் போயின. தலை எண்ண ஆள் தேவையில்லை. எத்தனை இருக்கை நிறைந்தது என்பதைக் கொச்சியிலிருந்தே முதலாளி பார்த்துக்கொள்கிறார். ரெப்புகள் கொஞ்ச காலம் பேருக்கு நின்றார்கள், பிறகு அதுவும் இல்லை.

வாசலில் ரெப் நின்ற இடத்தில் இப்போது மைக் நிற்கிறது. முதல் காட்சி முடிந்ததும் யூடியூப்காரர்கள் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டி, ‘படம் எப்படி?’ என்கிறார்கள். தயாரிப்பாளர்களுக்கு இதில் கடும் கோபம். கேரள உயர் நீதிமன்றம் நியமித்த அமிக்கஸ் கியூரி, படம் வெளியாகி 48 மணி நேரம்வரை விமர்சனம் வேண்டாம் என்று 2024இல் பரிந்துரைத்தார். அதே ஆண்டு நவம்பரில் தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள், தியேட்டர் வளாகத்தில் யூடியூபர்களை அனுமதிக்கக் கூடாது என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள், இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

ரெப்புக்கு இந்தச் சண்டையில் இரு தரப்பு மீதும் மரியாதையில்லை. ‘மைக்கைப் பாத்தா மனுசன் நடிக்கத் தொடங்கிருவான்’ என்பது அவர் கட்சி. தியேட்டருக்குள் அழுதவன் மைக் முன்னால் ‘செகண்ட் ஹாஃப் லாக்’ என்பான். அவனுடைய உண்மையான பேச்சு பைக்கைக் கிளப்பும்போது நண்பன் காதில் சொல்வது. அதை எந்தச் சேனலும் பதிவு செய்வதில்லை. தடைபோடுவதும் வீண், சாயாக்கடைக்கு எந்தக் கோர்ட் தடைபோடும் என்று கேட்கிறார்.

வேலை போன பிறகும் பழக்கம் போகவில்லை. பெரிய படம் வந்தால் இரண்டு பக்கமும் பார்ப்பார். ஒரு காட்சி கேரளத்தில், ஒன்று மார்த்தாண்டம் பக்கத்தில். 2024 அவருக்கு விருந்தான ஆண்டு.

பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. 2006இல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை மீட்ட கொச்சிப் பக்கத்து இளைஞர்களின் கதை. மொழிமாற்றாமல் மலையாளத்திலேயே தமிழ்நாட்டில் ஓடி 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. உலகம் முழுக்க 200 கோடியைத் தாண்டிய முதல் மலையாளப் படமும் அதுதான். இளையராஜாவின் ‘குணா’ பாட்டு உச்சக்காட்சியில் ஒலித்தபோது தமிழகப் பக்கக் கொட்டகையில் எழுந்ததைப் போன்ற சத்தத்தை ரெப் அதற்கு முன் கேட்டதில்லை. பாறசாலைப் பக்கம் அதே இடத்தில் கண்ணீர்.

வாசலில்தான் பிளவு. உதவி கேட்டுப் போன பையன்களைத் தமிழகப் போலீஸ் அடிக்கும் காட்சி படத்தில் இருக்கிறது. கேரளப் பக்கத்தில், ‘கண்டோ, இதுதான் அவங்க போலீஸ்’ என்றார்கள். குமரிப் பக்கத்தில், ‘லேய் மக்கா, தடை போட்ட இடத்துல ஏன் எறங்குனானுவ?’ என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் குமரி மாவட்டத்துக்காரரும் இரண்டு மொழியிலும் எழுதுகிறவருமான ஜெயமோகன், மலைக்காடுகளில் குடித்துக் கூத்தடித்துப் பாட்டிலை உடைத்துப் போடும் கேரளச் சுற்றுலாக் கூட்டத்தைப் படம் கொண்டாடுகிறது என்று சுடச்சுட எழுதினார். கேரளத்தில் பெரும் கொந்தளிப்பு. எல்லை ஊர்களில் அந்தக் கொந்தளிப்பு எடுபடவில்லை என்கிறார் ரெப். ஏனென்றால் அங்கே அந்த விவாதம் முதல் வாரமே, கட்டுரை வருவதற்கு முன்பே, ஒரே மேசையில் நடந்து முடிந்திருந்தது. இன்னொன்றும் நடந்தது. படத்தைத் தொடர்ந்து எழுந்த புகாரின் மேல், 2006இல் அந்த இளைஞர்கள் போலீசால் தாக்கப்பட்டது குறித்து விசாரிக்கும்படி தமிழக உள்துறை காவல்துறைத் தலைவரைக் கேட்டுக்கொண்டது. பதினெட்டு ஆண்டு கழித்து ஒரு சினிமா போலீஸ் விசாரணையைக் கிளப்பியது. ‘என்.எச். 47’ காலத்தில் போலீஸ் விசாரணைதான் சினிமாவைக் கிளப்பியது.

மார்ச்சில் ‘ஆடுஜீவிதம்’. பென்யாமின் 2008இல் எழுதிய நாவல், பிளெஸ்ஸி படமாக்கியது. சவூதி பாலைவனத்தில் ஆட்டுப் பட்டியில் அடிமையாகக் கிடந்து தப்பிய ஆறாட்டுப்புழைக்காரரின் கதை. வளைகுடாவுக்குப் போய்வந்த ஆள் இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு. அவர்கள் படத்தைப் பார்த்த விதமே வேறு. முதலாளியின் அடியை யாரும் சந்தேகிக்கவில்லை. தண்ணீர் டிரம்மின் நிறம், அரபி பேசும் தினுசு, விமான நிலையத்தில் பாஸ்போர்ட் கைமாறிய விதம் என்று சின்னச் சின்ன விஷயங்களைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள். நாவலில் இருப்பதில் 30 விழுக்காட்டுக்கும் குறைவே அந்த மனிதரின் வாழ்க்கை என்று பென்யாமின் விளக்கம் கொடுக்க நேர்ந்தபோது ரெப் ஆச்சரியப்படவில்லை. ஜனங்கள் ஏற்கெனவே டிரம்மிலேயே அதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

தீபாவளிக்கு ‘அமரன்’. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் உயிர் நீத்து அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. சென்னையில் முகுந்தின் சாதியை ஏன் காட்டவில்லை என்று விவாதம் ஓடியது. முகுந்தின் குடும்பமே அப்படி விரும்பியதாக இயக்குநர் சொன்னார். பாறசாலையில் அந்தப் பேச்சே எழவில்லை. அங்கே பிரச்சினை சாய் பல்லவியின் மலையாளம். முகுந்தின் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் மலையாளி. சாய் பல்லவி பேசிய மலையாளத்தைக் கேட்டு, ‘எந்தரப்பீ, இது எந்த ஊரு பேச்சு?’ என்று தெற்குத் திருவனந்தபுரத்துப் பேச்சில் ஒருவர் கேட்க, கொட்டகை சிரித்தது. இரண்டு மொழியும் தெரிந்த ஊரில் நடிகை தப்ப முடியாது. ஆனால் சிரித்தவர்களே கடைசிக் காட்சியில் அழுதார்கள். ரெப்பின் அனுபவத்தில் இது சாதாரணம். பேச்சில் குறை கண்டுபிடிப்பதும் அழுவதும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

பேசாமல் ஒதுங்கிய படமும் உண்டு. 2023 மே மாதம் ‘தி கேரளா ஸ்டோரி’ வந்தது. முன்னோட்டத்தில் 32,000 பெண்கள் என்றார்கள், பிறகு அது மூன்று பெண்கள் ஆனது. அந்த எண்ணுக்கு ஆதாரத் தரவு இல்லை, இது புனைவு கலந்தது என்று அறிவிப்புப் போடத் தயாரிப்பாளர் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தமிழக மல்டிபிளெக்ஸ்கள் சில நாளிலேயே நிறுத்தின. எல்லை ஊர்களில் இதைப் பற்றிச் சாயாக்கடையில் கேட்டபோது ஆட்கள் சட்டென்று விலை, மழை, ரப்பர் என்று பேச்சை மாற்றியதை ரெப் கவனித்திருக்கிறார். எல்லா மதத்தாரும் ஒரே பெஞ்சில் உட்காரும் கடை. அந்த மௌனமும் ஓர் அபிப்பிராயம்தான், எந்த மைக்கிலும் சிக்காத அபிப்பிராயம்.

இவ்வளவையும் கேட்ட பிறகு அவரிடம் ஒரு முடிவு இருக்கிறது. சம்பவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவன் படத்தில் பெரிய பொய்யை மன்னித்துவிடுவான், சின்னப் பொய்யை மன்னிக்க மாட்டான். கதாநாயகன் பாடட்டும், பத்துப் பேரை அடிக்கட்டும். பேருந்தின் நிறம் தப்பக் கூடாது. தூரத்தில் இருக்கிறவன் நேர் எதிர். அவனுக்குப் பேருந்து எதுவாக இருந்தாலும் சரி, படம் யார் பக்கம் நிற்கிறது என்பதே வழக்கு. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ வந்தபோது தொடக்கத்தில் 1997 என்று ஆண்டு போட்டதால், படத்துக்கு அடிப்படையான கொடியன்குளம் சம்பவம் நடந்த 1995இல் ஆட்சியில் இருந்தது யார் என்று சென்னையில் அரசியல் சண்டையே நடந்து, கடைசியில் ‘தொண்ணூறுகளின் பிற்பகுதி’ என்று மாற்றினார்களே, அது தூரத்துச் சண்டை என்கிறார்.

இப்போது அவர் கவலையெல்லாம் வராத ஒரு படத்தைப் பற்றி. 2022 அக்டோபரில் பாறசாலை இளைஞர் ஒருவர், காதலி கொடுத்த விஷம் கலந்த கஷாயத்தைக் குடித்து, நாள்கணக்கில் துடித்துத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் இறந்தார். இளைஞர் வீடு கேரளத்தில், கஷாயம் கொடுத்த வீடு தமிழகத்தில். எந்த மாநிலப் போலீஸ் விசாரிப்பது என்பதே ஒரு வழக்காயிற்று. 2025 ஜனவரி 20ஆம் தேதி நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீடு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. கேமராக்காரர்கள் இரண்டு வீட்டுப் பக்கமும் வந்து போனார்கள். யாராவது இதைக் கதையாக்கத்தான் போகிறார்கள், அதைத் தடுக்கவும் முடியாது என்று ரெப்புக்குத் தெரியும்.

அப்படி எடுக்கிறவர்களிடம் அவர் கேட்டுக்கொள்வது இரண்டு. மேல்முறையீடு முடியும்வரை பொறுங்கள். எடுத்த பிறகு முதல் காட்சியைக் கொச்சியிலோ சென்னையிலோ போடாமல் பாறசாலையில் போட்டு, படம் முடிந்ததும் மைக் இல்லாமல் வாசலில் வந்து நில்லுங்கள். அந்த இரண்டு குடும்பத்தையும் அறிந்தவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வருவார்கள்.